ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வாருங்கள் ஐயா: பூங்கா சாப்பாடு பற்றி மூன்றாவது மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பேட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
உயர்திரு உணவு பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: நான்குவழிச் சாலையை ஒட்டிய பொழுதுபோக்குப் பூங்காவின் துரித உணவுக் கவுண்டர்களில் தரம் கெட்ட உணவு விற்கப்படுவது – விடுமுறை நாள் மதியத்தில் நேரில் ஆய்வு செய்து உணவு மாதிரி எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த மே மாதம் நான் கொடுத்த மனு, ஜூலை மாதம் கொடுத்த நினைவூட்டு மனு. இரண்டுக்கும் இதுவரை பதில் இல்லை.

ஐயா,

வணக்கம். மேற்படி பூங்கா எது என்று தங்களுக்குத் தெரியும். முந்தைய இரண்டு மனுக்களிலும் பெயர், கவுண்டர், பில் எண் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மனுவின் நகலை எங்கள் தெருவில் பலரும் வாங்கிப் படிக்கப்போவதால் இதில் பெயரைச் சேர்க்கவில்லை. சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போதே ராட்டினம் தெரியுமே, அந்த இடம்தான். லீவு நாளில் நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தெல்லாம் வேன் வேனாக வந்து நிற்பதைத் தாங்களும் அந்த வழியாகப் போகையில் பார்த்திருப்பீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் நான் 1990-ல் சேர்ந்து 28 வருஷம் அமைப்பாளராக இருந்தேன். தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு. முதலில் நாங்கள் வாயில் வைத்துப் பார்ப்போம், அப்புறம் டீச்சர் ஒருவர் ருசி பார்ப்பார், அதன் பிறகுதான் பிள்ளைகள் தட்டில் விழும். சோறு நல்ல சோறா, போகப்போகிற சோறா என்று எனக்குக் கை சொல்லிவிடும். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். யார் மேலும் உள்ள கோபத்தில் இல்லை.

1. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே பையைத் திறந்து பார்த்து, தூக்குவாளி, டிபன் கேரியர் எல்லாவற்றையும் வாங்கி ஒரு தகரக் கொட்டகையில் வைத்து டோக்கன் கொடுக்கிறார்கள். குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போயே பழகியவர்கள் நாங்கள். அது அவர்கள் விதி என்றார்கள், சரி. தியேட்டர்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல குடிதண்ணீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தையின் உணவைத் தடுக்கக் கூடாது என்று சொன்னது. பூங்காவுக்கும் அது பொருந்துமா என்று வாதாட நான் வக்கீல் இல்லை. எங்கள் சோற்றை வாசலில் பிடித்து வைத்தால், உள்ளே விற்கிற சோறு பிள்ளைகள் தின்கிற மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

2. முன்பு இப்படி இல்லை. பூங்கா திறந்த புதிதில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பின்பக்கம் சொந்த சமையற்கட்டு இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள்தான் சமைத்தார்கள். எலுமிச்சைச் சாதம், சாம்பார் சாதம், தயிர்ச் சாதம் மூன்றே வகை. ஓரத்தில் ஒரு தோசைக்கல். வரிசையில் நிற்கும்போதே கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்கும். இப்போது சமையற்கட்டைப் பூட்டிவிட்டு உணவை வெளியே காண்ட்ராக்ட் விட்டிருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்கு வேனில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. உள்ளே இருப்பது எண்ணெய் வாணலியும் மைக்ரோவேவ் ஓவனும்தான். பர்கர், நக்கெட்ஸ், பிரெஞ்ச் ஃபிரை எல்லாம் பனிக்கட்டி மாதிரி உறைந்த பாக்கெட்டில் இருந்து நேரே எண்ணெய்க்குப் போகிறது. விலை மட்டும் மூன்று மடங்காகிவிட்டது. விலையைப் பற்றி நான் பேச வரவில்லை.

3. எனக்குத் தாங்காதது இதுதான். மனுவில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள் ஐயா.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் இருந்து பதினான்கு பேர் போனோம், அதில் ஒன்பது பேர் பிள்ளைகள். தண்ணீரில் ஆடி முடித்து ஒன்றே முக்காலுக்கு வரிசையில் நின்றோம். தட்டு கைக்கு வரும்போது இரண்டரை தாண்டிவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு பெட்டி, அதற்குள் வெஜ் பிரைடு ரைஸ். பையன் குழிக்கரண்டியால் அள்ளிக் காகிதத் தட்டில் கவிழ்த்தான். சோறு சரியவில்லை. கரண்டி எப்படி இருந்ததோ அப்படியே கட்டியாக நின்றது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். சூடும் இல்லை, ஆறியும் போகவில்லை, உடம்புச் சூடு. பருக்கையை நசுக்கினால் வழுவழுவென்று இருந்தது. சோயா சாஸ் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. சோறு ஊசிப்போவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வருகிற வாடை அது. 28 வருஷம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பிள்ளைகளிடம் தின்னாதீங்க என்றேன். தின்னாமல் என்ன செய்வார்கள்? காலை ஏழு மணிக்குத் தின்ற இட்லி, அதன் மேல் நாலு மணி நேரம் தண்ணீரில் ஆட்டம். என் பேத்திக்கு ஏழு வயது. “ஆச்சி, பசிக்கி, பசிக்கி” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பிஸ்கட்டாவது வாங்குவோம் என்று நான் இன்னொரு வரிசையில் போய் நின்ற நேரத்தில் பாதித் தட்டைத் தின்றுவிட்டாள். ஐந்தரைக்கு வேன் ஏறினோம். வண்ணாரப்பேட்டை மேம்பாலம் வருவதற்குள் அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே பிடிக்க வேண்டியதாகிவிட்டது. டவுன் வருவதற்குள் இன்னும் மூன்று பிள்ளைகள். வேன் டிரைவர் தம்பி தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு நாலு பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறியது. பேத்தி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, “ஆச்சி, உன் புளிச்சோறு இருந்தா நல்லா இருந்திருக்கும்லா” என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் புளியோதரை பகல் முழுக்க வாசல் கொட்டகையில் வெயிலில் வெந்துகொண்டு இருந்தது. டோக்கனைக் கொடுத்து வாங்கி வந்து, அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மருமகளும் அதைத்தான் சாப்பிட்டோம். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தூக்குவாளிச் சோறு கெடவில்லை, அவர்கள் பெட்டிச் சோறு கெட்டுப்போனது.

வடித்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாமல் கிடக்கும். சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் இருந்தால் கிருமி பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்குகிற அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சூடான உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வை, குளிர்ந்த உணவை 5 டிகிரிக்கு மேல் விடாதே என்று தங்கள் துறை கடைக்காரர்களுக்குச் சொல்கிறது. ஒன்பதரைக்கு இறங்கிய சோறு இரண்டரைக்கு உடம்புச் சூட்டில் இருந்தால் நடுவில் அஞ்சு மணி நேரம் அது என்ன சூட்டில் இருந்திருக்கும்? இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. அதற்குத்தானே ஐயா மாதிரி எடுங்கள், மாதிரி எடுங்கள் என்று மூன்றாவது தடவையாகக் கெஞ்சுகிறேன்.

4. எண்ணெய். மதியம் இரண்டு மணிக்கு மேல் வாணலியில் கிடப்பது கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கிறது. நுரை அடங்குவதே இல்லை. பக்கத்தில் போனால் காறல் வாடை தொண்டையில் இறங்குகிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேருகிற கெட்ட பொருளுக்கு டோட்டல் போலார் காம்பவுண்ட் என்று பெயர். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் இடத்தில் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. அந்தக் கணக்கு நோட்டை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

5. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. பர்கருக்குள் தடவுவது எதில் செய்தது என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

6. பில்லில் உணவு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். எங்கள் பில்லில் அது இல்லை. கவுண்டர் பெயரும் இல்லை. ஃபுட் என்று ஒரு வார்த்தை, ஒரு தொகை, அவ்வளவுதான். வாங்கியவரே பணம் கட்டி உணவைப் பகுப்பாய்வு செய்துகொள்ளலாம், ஆனால் வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. ஜூன் மாதம் மறுபடியும் டிக்கெட் எடுத்து உள்ளே போய் அதை அப்படியே சொன்னேன். “ஆச்சி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்காங்க” என்றான் பையன். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருபது வயதுகூட இருக்காது. காலையில் இருந்து நின்றபடி இருக்கிறான், மதியம் அவனும் அதே பெட்டிச் சோற்றைத்தான் தின்றான். பாவம், அவன் வயிற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

7. ஆய்வுக்கு யாரோ வந்து போனதாக அங்கே சொன்னார்கள். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்காம். ஐயா, புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எந்தக் கடை எண்ணெயும் சுத்தமாகத்தான் இருக்கும். அப்போதுதான் ஊற்றியிருப்பார்கள். சோறும் வேனில் இருந்து இறங்கி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். கூட்டமும் இருக்காது. அந்த நேரத்தில் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் தின்பது அந்தச் சோற்றை இல்லையே! ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மதியம் இரண்டரை மணிக்கு வாருங்கள். சொல்லாமல் வாருங்கள். சீருடை வேண்டாம், ஜீப் வேண்டாம், டிக்கெட் எடுத்து, வீட்டுப் பிள்ளைகளோடு வரிசையில் நில்லுங்கள். முக்கால் மணி நேரம் நின்று அந்தத் தட்டைக் கையில் வாங்குங்கள். தங்கள் பிள்ளைக்கு அதில் ஒரு வாய் ஊட்ட மனம் வருகிறதா என்று பாருங்கள்.

எழுதக் கை நடுங்குகிறது, வார்த்தை ஏதும் அதிகமாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் மனுவைக் கொடுத்தபோது, பார்க்கிறோம் அம்மா என்றார்கள். ஜூலையில் கொடுத்தபோதும் அதையே சொன்னார்கள். நான் ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

8. கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விடுமுறை நாள் மதியத்தில் வந்து சோற்றுச் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், எண்ணெயை அளந்து பாருங்கள், சட்டப்படி மாதிரி எடுங்கள். மாதிரியைச் சென்னைக்கு அனுப்புகிற அலைச்சல்கூட இல்லை, பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. மாதிரி போய்ச் சேர்ந்த 14 நாளில் முடிவு வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த முடிவின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். குறை இருந்தால் திருத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். அது திருந்தும் வரை பிள்ளைகளுக்கும், சுகர் உள்ள பெரியவர்களுக்கும் வீட்டுச் சாப்பாட்டையாவது உள்ளே விடச் சொல்லி அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பூங்காவை மூடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. வெயில் காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை விட்டால் என்ன இருக்கிறது? பூட்டிக் கிடக்கும் அந்தச் சமையற்கட்டைத் திறந்து, முன்பு போல மூன்றே மூன்று சாதத்தைச் சூடாகப் போட்டால் போதும். யாரும் குறை சொல்லப்போவதில்லை. நானே முதல் ஆளாகப் போய் வாங்கிச் சாப்பிடுவேன்.

மே மாதத்துப் பில்களின் நகலும், நாலு பிள்ளைகளின் ஆஸ்பத்திரிச் சீட்டு நகலும், முந்தைய இரண்டு மனுக்களின் ஒப்புகைச் சீட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

காலாண்டுப் பரீட்சை லீவு வருகிறது ஐயா. தெருப் பிள்ளைகள் இப்போதே வேன் பேசச் சொல்கிறார்கள். பேத்தியும் கேட்கிறாள். ஆபீசரிடம் இருந்து கடுதாசி வரட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மற்றும் தெருவாசிகள் கையொப்பம் பின்பக்கம்.

இடம்: பேட்டை, திருநெல்வேலி