காலாண்டு விடுமுறையும் பிள்ளைகள் கைக்கு வரும் அடுப்பும்: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு அடுத்த வாரத்தோடு முடிகிறது. விடுமுறையில் செய்ய வேண்டிய வீட்டுப்பாடத்தை வகுப்பாசிரியர்கள் தனியே எழுதிக் கொடுப்பார்கள். இக்கடிதம் அதைப் பற்றியது அன்று. பள்ளி நடக்கும் நாட்களில் நம் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு சத்துணவுக் கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. விடுமுறை தொடங்கியதும் அந்த ஒரு வேளை வீட்டுக்குத் திரும்புகிறது; உங்களில் பலரோ காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். ஆகவே நண்பகலில் பசியோடு அடுப்பின் முன் நிற்பது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் பிள்ளைதான், பெரும்பாலும் தம்பி தங்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் காலில் கட்டோடு வந்தார். சோறு வடிக்கும்போது மூடித்தட்டு நழுவிக் கொதிகஞ்சி பாதத்தில் கொட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பற்பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கஞ்சி கொட்டியபோது அழுததைவிட, மருத்துவமனையில் அந்தப் பசையைத் துடைத்தெடுத்தபோதுதான் பிள்ளை அதிகம் அழுததாக அவருடைய தாயார் என்னிடம் சொன்னார்.

"அடுப்பங்கரைப் பக்கமே போகாதே" என்று சொல்லிவிட்டுப் போவதால் பயன் இல்லை என்பது என் எண்ணம், ஏனெனில் பசித்தால் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்களை உங்கள் அருகில் நிறுத்தி, நீங்கள் பார்த்திருக்க, அவர்கள் கையாலேயே அடுப்பைப் பற்றவைத்து அணைக்கச் சொல்லித்தாருங்கள் என்பதே என் வேண்டுகோள். மகளை மட்டும் அல்ல, மகனையும் நிறுத்துங்கள். பசி இருவருக்கும் ஒன்றுதான்.

இரண்டு வேலைகளை மட்டும் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் ஒப்படைக்க வேண்டாம். ஒன்று, சோறு வடிப்பது. மற்றொன்று, வாணலி நிறைய எண்ணெய் வைத்து அப்பளமோ வடகமோ பொரிப்பது. எண்ணெய் தீப்பிடித்தால் பிள்ளைகள் முதலில் எடுப்பது தண்ணீர்ச் செம்பைத்தான். கொதிக்கும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை மேலே தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டு கொண்டு மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும் என்பதை ஒருமுறையாவது வெறும் வாணலியை வைத்துச் செய்துகாட்டுங்கள்.

பிள்ளைகள் தாமே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. முட்டை அவிப்பதையே முதல் பாடமாக வைக்கலாம்: முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டபின் அடுப்பைப் பற்றவைத்து, கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடம் விட்டு அணைத்துவிட வேண்டும், பாத்திரத்தைத் தூக்கி வெந்நீரைக் கொட்டாமல், இருந்த இடத்திலேயே ஆறவிட்டு எடுக்க வேண்டும். நவராத்திரி இந்த விடுமுறையை ஒட்டி வருவதால் சுண்டலும் நல்ல பாடம். கடலையை இரவில் நீங்கள் ஊறவைத்து, காலையில் வேகவைத்து வைத்துவிட்டுப் போனால், தாளிப்பு மட்டுமே பிள்ளைக்கு மிஞ்சும். ஈரம் இல்லாத வாணலி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கடுகு வெடித்து அடங்கும்வரை மேலே ஒரு தட்டு, அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டுக் கடலையைக் கொட்டுவது என்ற வரிசையை மாற்றாமல் பழக்குங்கள். குக்கரில் பயறு வகைகளைப் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரையும் தோலும் ஏறி ஆவிக்குழாயை அடைத்துக்கொள்ளும். விசில் அடங்கும் முன் மூடியை இழுத்துத் திறக்கும் அவசரம் பெரியவர்களிடமும் இருப்பதால், இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுப்பே பற்றவைக்காமல் பகலைக் கடத்தவும் வழி உண்டு. காலையில் குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, வெதுவெதுப்புக்கு வந்தபின் ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து வைத்தால், மதியம் புளிக்காத தயிர்சாதம் தயாராக இருக்கும். எலுமிச்சைச் சாதத்துக்குச் சாற்றை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள், கொதித்தால் கசக்கும். தேங்காய்ச் சட்னி வெயில் நேரத்தில் முதலில் கெட்டுப்போவது என்பதால், அதற்குப் பதில் ஊறுகாயோ பொடியோ வைக்கலாம்.

எரிவாயு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒரு கெட்ட வாடையைச் சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனமானதால் அது தரையோடு தங்கும். வாடை வந்தால் மின்விசிறியைப் போடுவதும், எரிகிற விளக்கை அணைப்பதும்கூட ஆபத்து, ஏனெனில் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். கதவு சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு வெளியே சென்று, பெரியவர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். இதற்கான அவசர எண் 1906. வெளியே வந்தபின்தான் தொலைபேசியைத் தொட வேண்டும். டியூபில் கசிவு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள், தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்காதீர்கள். சிலிண்டரின் மேல்வளையத்துக்குக் கீழுள்ள பட்டையில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ‘பி’ என்ற எழுத்தோடு 27 என்றிருந்தால் 2027 ஜூன் மாதத்துக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். நாள் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். விறகடுப்பு வைத்திருப்பவர்கள் மண்ணெண்ணெய்ப் புட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நம் வீடுகளில் சாம்பாரையும் ரசத்தையும் அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை இன்றே நிறுத்திவிடுங்கள். கரித்துணி ஈரமாக இருந்தால் சூடு நேராகக் கைக்கு ஏறும் என்பதால் காய்ந்த துணியையே பயன்படுத்தச் சொல்லுங்கள். தாவணியின் நுனியோ துப்பட்டாவோ துணிக்கு மாற்று அன்று.

சுட்டுக்கொண்டால் செய்ய வேண்டிய முதல் காரியம், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது. குழாய் இல்லையென்றால் செம்பு செம்பாக மொண்டு ஊற்றலாம். மோதிரம், வளையல், கொலுசு இவற்றை வீக்கம் வரும் முன் கழற்றிவிட வேண்டும். பற்பசை, இங்க், இட்லி மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தவும் வேண்டாம். முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ, பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலோ, சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், வண்டிக்கு 108.

இக்கடிதத்தின் கீழே ஒரு துண்டுத்தாள் இணைத்துள்ளோம். உங்கள் பிள்ளை தனியாகச் செய்ய நீங்கள் அனுமதிக்கும் சமையல் வேலைகளையும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய அண்டை வீட்டாரின் பெயரையும் அதில் உங்கள் பிள்ளையின் கையெழுத்தில் எழுதவைத்து, நீங்கள் கையொப்பமிட்டு அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பள்ளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கடிதத்தை வாசிக்க இயலாத பெற்றோருக்குப் பிள்ளைகளே முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்வு முடியும் நாளன்று மாலை மூன்று மணிக்குப் பள்ளி முற்றத்தில் சத்துணவு அமைப்பாளர் குக்கர் மூடியைக் கழற்றி மாட்டுவதையும், வெறும் வாணலியை மூடுவதையும் செய்துகாட்டுவார். வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாதவர்கள் தாத்தா பாட்டியையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்