ஒரு ராத்திரியைத் தாண்டக் கற்றுக்கொடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், காட்டில் வழி தப்பினால் தப்பிப் பிழைப்பது பற்றி உன் தோப்பில் பன்னிரண்டு பேருக்கு நடத்தப்போகும் இரண்டு நாள் பயிற்சியின் நிகழ்ச்சி நிரலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து பேப்பரை மறுபடி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிறார். உன் மகளுக்கு வேலூரிலேயே வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். தோப்புக்கு வந்துபோக இனி உனக்கும் ஒரு துணை.

நிரலைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய். ஒளிக்காமல் சொல்கிறேன், பாதியை அடித்துவிடு. காலையில் கட்டையைக் கடைந்து தீ உண்டாக்குவது, மதியம் கண்ணி வைப்பது, மாலையில் காட்டுக்கிழங்கு தோண்டுவது எல்லாம் டிவிக்கு நன்றாக இருக்கும். கட்டையைக் கடைவது ஒரு நாளில் கை வராது. உள்ளங்கை கொப்புளம்தான் மிச்சம். கண்ணி இன்னும் மோசம். முயலுக்கு வைத்தாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வேட்டைதான். கிழங்கையும் விட்டுவிடு. மாநிலப் பூ என்று நாம் கொண்டாடும் செங்காந்தளின் கிழங்கை வள்ளி என்று நினைத்துத் தின்றால் உயிர் போகும். இரண்டு நாளில் யாருக்கும் செடி அடையாளம் பிடிபடாது. அரைகுறையாகத் தெரிந்தவன் தெரியாதவனைவிட ஆபத்தானவன். ஒரு ராத்திரி பட்டினி கிடந்து யாரும் சாவதில்லை.

நம் பக்கம் காட்டில் மாட்டிக்கொள்பவர் யார் என்று யோசி. அருவி பார்க்கக் கிளம்பி, திரும்பும் வழியில் ஒரு கிளைப்பாதையில் தப்பாக இறங்கி, இருட்டிய பிறகு உணர்கிறவர். கையில் அரை பாட்டில் தண்ணீர், சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும் போன், காலில் செருப்பு. அவர் மாதக்கணக்கில் காட்டில் வாழ வேண்டியதில்லை. விடிந்து ஆள் தேடி வரும்வரை கை கால் உடையாமல் இருந்தால் போதும். உன் வகுப்பில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று குழம்பும்போதெல்லாம், இது அந்த ஒரு ராத்திரிக்கு உதவுமா என்று கேட்டுப் பார்.

அப்படிப் பார்த்தால் முதல் பாடம் நிற்பது. வழி தப்பியதாகத் தோன்றிய இடத்திலேயே உட்கார், தண்ணீர் குடி, பத்து நிமிடம் எதையும் முடிவு செய்யாதே. பெரும்பாலான விபத்து பாதை தவறியதால் நடப்பதில்லை, தவறியதைப் பதற்றத்தில் சரிசெய்யப் போய் நடக்கிறது. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் 7 மணிக்கு ஒவ்வொருவரையும் தோப்பில் தனித்தனி மரத்தடியில், நாற்காலியில் உட்காரவை. ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது, விசில் கேட்கும் தூரம் இருக்க வேண்டும். டார்ச் கையில் இருக்கட்டும், ஆனால் அணைந்திருக்கட்டும். ஒரு மணி நேரம். அரை மணிக்கு ஒருமுறை நீ மூன்று விசில் கொடு, அவர்கள் மூன்றால் பதில் தரட்டும். நிஜமாகவே உதவி கேட்கும்போது மூன்று ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி மூன்று. கத்தினால் தொண்டை கட்டிவிடும், விசிலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறாய் என்று திசை பற்றிய பகுதியிலேயே தெரிந்துவிட்டது. துருவ நட்சத்திரத்தை வைத்து வடக்கைக் காணலாம் என்கிறாய். உன் தோப்பு ஜவ்வாது மலை அடிவாரம். காவலூர் வானாய்வகம் இருப்பது அட்சரேகை 12.5 டிகிரியில், நீயும் கிட்டத்தட்ட அங்கேதான். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே அதே 12 அல்லது 13 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றேகால் முஷ்டி. ஒரு மாமரம் போதும் அதை மறைக்க. அதற்குப் பதில் ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில், இடுப்புப் பட்டை போல வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டு. அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும், டிசம்பர், ஜனவரியில் முன்னிரவிலேயே கிழக்கில் தெரியும். நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும் என்ற விதியும் இங்கே வருஷம் முழுக்க ஓடாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உன் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். கைக்கடிகார முள்ளை வைத்துத் திசை காணும் வித்தையை அதனால் எடுத்துவிடு. குச்சி நட்டு, நிழல் நுனியில் கல் வைத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி கல் வைத்து இரண்டையும் இணைப்பது இங்கே ஓரளவு நம்பலாம். முதல் கல் மேற்கு. நண்பகலை ஒட்டிச் செய்தால் பிழை குறையும்.

ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்பதும் சமவெளிக்காரன் சொன்னது. நம் மலைகளில் ஓடை அருவியாய் விழும். பாசிப்பாறையில் இறங்கிக் கால் உடைத்துக்கொண்டவனைத் தூக்கிவருவது தேடுவதைவிடக் கஷ்டம். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அந்த நொடியே கரையேற வேண்டும் என்று சொல்லிவை. ஓடைக்கரையில் படுக்கவும் கூடாது. ராத்திரி விலங்குகள் தண்ணீருக்கு வரும் இடம் அது.

காம்பஸும் வரைபடமும் இருக்கட்டும், ஆனால் எளிமையாக. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கம் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், தொடக்கக்காரரிடம் அந்தப் பேச்சே வேண்டாம். ஒவ்வொருவரும் 100 மீட்டர் கயிறு போட்டு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணட்டும், சமதரையில் ஒருமுறை, ஏற்றத்தில் ஒருமுறை. இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தும். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டால் பேட்டரி தாங்கும். பேச முடியாத இடத்தில் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும்.

தண்ணீருக்கு வருகிறேன். தண்ணீரில்லாமல் மூன்று நாள் தாங்கலாம் என்ற சூத்திரத்தைப் பலகையில் எழுதாதே. வெயிலில் ஏறி இறங்கினவன் ஒரே நாளில் சுருண்டுவிடுவான். இருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கவும் சொல்லாதே. தாகம் எடுத்தால் குடி, சேமிக்க வேண்டியது வியர்வையை. நிழலில் இரு, வெயில் தாழ நட. சுத்தம் செய்வதை இப்படிக் காட்டு: ஓடைத் தண்ணீரை இரண்டு கண்ணாடி பாட்டிலில் எடு. ஒன்றை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டு. இன்னொன்றில் தேத்தான்கொட்டையை உரைத்துக் கலந்து தெளியவிடு. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பளிச்சென்று ஆகிவிடும். எதைக் குடிப்பாய் என்று கேள், எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். இரண்டுமே குடிக்கத் தகாதவை. தெளிந்ததால் கிருமி சாகவில்லை, கலங்கல் மட்டுமே அடங்கியது. குமிழ் விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் மாத்திரை. மாத்திரை ஒரு லிட்டருக்கும் வருகிறது, 20 லிட்டருக்கும் வருகிறது. அட்டையைப் படிக்காமல் போட்டால் ஒன்று பயனில்லை, இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. போட்டபின் அரை மணி பொறுக்க வேண்டும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி பாட்டிலைக் கவிழ்த்து மரையிலும் மருந்துத் தண்ணீர் படும்படி செய். உதடு படும் இடமே அதுதான், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலையும் சொல்லிக்கொடு: லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. உன் கணக்குக்கு, 12 பேருக்கு ஆளுக்கு 4 லிட்டர் வீதம் இரண்டு நாளைக்கு 96 லிட்டர். ஐந்து கேன் வாங்கு. சமையலுக்கும் கை கழுவவும் தனி.

தீக்கு ஆளுக்கு ஒரு தீப்பெட்டி, அதில் மூன்றே குச்சி. சுள்ளி தேடும் நேரத்தில்தான் பாடம் இருக்கிறது. தீக்குச்சி கனம் இரண்டு கைப்பிடி, பென்சில் கனம் இரண்டு கைப்பிடி, கட்டைவிரல் கனம் ஒரு அணைப்பு, இவை மூன்றும் சேருமுன் யாரும் குச்சியை உரசக் கூடாது. முக்கால்வாசிப் பேருக்குத் தீ அணைவது இதனால்தான். பற்றிக்கொண்ட பிறகு எழுந்து விறகு தேடப் போவார்கள், அல்லது பதறிப்போய்த் தடித்த கட்டையைத் தலையில் வைத்து மூச்சை அடைப்பார்கள். உடைத்தால் டப்பென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். மழை பெய்திருந்தால் தரையில் கிடப்பதை விட்டு, மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளையை எடு. பற்றவைக்கப் பன்னாடை போல ஒன்று கிடையாது. அதோடு கற்பூரம், காற்றுப்புகாத டப்பாவில் இல்லாவிட்டால் கரைந்து போயிருக்கும். அரளிக்குச்சி, சேராங்கொட்டைக் கட்டை, எருக்கு மூன்றையும் முதலிலேயே கையில் எடுத்துக் காட்டாமல் தரையில் வைத்துக் காட்டு. மூன்றும் நஞ்சு, எரிக்கவும் கூடாது, கிளறவும் கூடாது. அரளிக்குச்சியில் எதையும் குத்திச் சுடவே கூடாது.

தீ போடும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குச் சருகைச் சுரண்டி மண் தெரிய வேண்டும், பக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர் வேண்டும், மாமர வேருக்கு மேல் போடாதே. அணைப்பது தண்ணீர், கிளறல், மறுபடி தண்ணீர், கடைசியில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. சூடு இருந்தால் அணையவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை இந்த இடத்தில் நிச்சயம் பேசு, பயமுறுத்துவதற்காக அல்ல. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மனிதன் மேட்டில் ஏறி அதை முந்த முடியாது. பக்கவாட்டில் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ விலக வேண்டும். பிப்ரவரி நடுவில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்துவது இதனால்தான். உன் பயிற்சியை ஜனவரியிலேயே வைத்துக்கொள். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும், புல்லும் முழுக்கக் காய்ந்திருக்காது.

காப்புக் காடு பக்கம் ஒரு அடிகூட வேண்டாம். பட்டா நிலத்துக்குள்ளேயே எல்லாம் முடியட்டும். அப்படியிருந்தும் வனச்சரக அலுவலகத்துக்கும் ஊராட்சித் தலைவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடு. சந்தன மரத்துக்குப் பேர்போன மலை, ராத்திரியில் கத்தியும் டார்ச்சுமாகப் பன்னிரண்டு பேர் நடமாடினால் யாருக்கும் சந்தேகம் வரும்.

கூடாரத்தைவிடத் தார்ப்பாய் கட்டக் கற்றுக்கொடு. பத்துக்குப் பத்தடி தார்ப்பாய், பத்து மீட்டர் நைலான் கயிறு, இரண்டு மரம். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டு. மேலே பார்க்க மறப்பார்கள், பட்ட கிளைக்குக் கீழே கட்டாதே. கூரையைவிடத் தரை முக்கியம். ஜனவரிக் குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சுவது மண்தான், எனவே அடியில் ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த சருகோ வைக்கோலோ வேண்டும். கையால் அள்ளாமல் குச்சியால் உதறி அள்ளச் சொல், தேள் இருக்கும். பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று ஆளுக்குக் கொடு. முகத்துக்கு மட்டும் ஓட்டை போட்டு மாட்டினால் மழையும் காற்றும் அண்டாது.

பாம்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாய், இரண்டாக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து. அதற்கான விஷம் பெரும்பாலும் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்திலிருந்து போகிறது என்பதையும் சொல், பாம்பை அடிக்கக் கை ஓங்குபவன் கொஞ்சம் யோசிப்பான். கட்டுவிரியன் கடி பற்றி விளக்கமாகச் சொல். ராத்திரி தரையில் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்பார், பிறகு இமை தொங்கும், பிறகு மூச்சு. எனவே கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்க வேண்டும், சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி. கடித்த கை காலில் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் ஏன் கூடாது என்று காரணத்தோடு சொன்னால்தான் நிற்கும்: விரியன் விஷம் சதையை அழிக்கும், இரத்தத்தை உறையவிடாது. கட்டினால் அந்த இடமே அழுகும், அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாய் ஏறும், கீறினால் இரத்தம் நிற்காது. மோதிரம், மெட்டி, கடிகாரம் கழற்று, அசையாமல் சிம்பு கட்டு, நடக்கவிடாமல் தூக்கு, கடித்த நேரத்தைக் குறித்துக்கொள். அவ்வளவே முதலுதவி.

தூக்குவதைச் செய்து பார்க்கச் சொல். இரண்டு மூங்கில், இரண்டு லுங்கி, ஒரு ஆள், இருட்டில் 300 மீட்டர் வேன் வரை. கைப்பிடி மாற்றாமல் முடியாது என்று அப்போது தெரியும். வேன் முகப்பு ரோட்டைப் பார்த்து நிற்கட்டும், சாவி ஓட்டுநரோடு தூங்கப் போகாமல் ஆணியில் தொங்கட்டும். எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறது என்று முந்தைய நாளே போன் செய்து கேள். பத்துக் குப்பியிலிருந்து தொடங்குவார்கள், எனவே மருந்து இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் எத்தனை குப்பி என்று கேள். ஆஸ்துமா, சர்க்கரை, தேனீக்கடி ஒவ்வாமை உள்ளவர்களின் விவரத்தைப் பணம் வாங்கும்போதே எழுதி வாங்கிவிடு.

கத்திக்குத் தனி நேரம் வேண்டாம், தார்ப்பாய்க்கு முளை சீவும்போது சேர்த்துக்கொள். உட்கார்ந்து, முழங்கையை முட்டிமேல் ஊன்றி, உடம்பைவிட்டு வெளிப்பக்கம் சீவ வேண்டும். தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவுபவனை உடனே நிறுத்து, வழுக்கினால் அங்கே பெரிய இரத்தக் குழாய். ஆறு பேருக்கு ஒருவர் கண்காணிக்க வேண்டும், நீ ஒருவனாகப் பன்னிரண்டு பேரைப் பார்க்க முடியாது.

இவ்வளவும் போட்டால் இரண்டாம் நாள் மதியம் மிச்சமிருக்கும். அதில் புதிதாக எதையும் சேர்க்காதே. முதல் நாள் தீ பிடிக்காதவர்கள் மறுபடி மூட்டட்டும்.

தார்ப்பாய் நாலு என்னிடம் சும்மா கிடக்கின்றன, திருப்பத்தூர் பஸ்ஸில் போட்டுவிடவா? கயிறு மட்டும் நீ வாங்கிக்கொள், ஆறு மில்லிமீட்டர். மெலிந்தது வாங்கினால் ஈரத்தில் முடிச்சை அவிழ்க்க முடியாது. இரண்டாவது கண்காணிப்பாளருக்கு ஆள் கிடைக்காவிட்டால் பொங்கலுக்கு அடுத்த வாரம் எனக்குத் தோதுப்படும், தேதியை எழுது.

அன்புடன்,
குமரேசன்