தொகுதி மறுவரையறை: சட்டப் பிரிவை நாமே படிக்கலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலங்களுக்கான மக்களவை இடங்களையும் தொகுதி எல்லைகளையும் திருத்தியமைக்கும் தொகுதி மறுவரையறை குறித்து எங்கள் தெரு டீக்கடையில் நடக்கும் வாதங்களில், ஒருவர் எந்தக் கட்சிக்காரர் என்று தெரிந்துவிட்டால் அவருடைய கருத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. நானும் விதிவிலக்கல்ல, எனக்குப் பிடித்த தலைவர் பேசியதையே என் கருத்தாகப் பல மாதங்கள் ஒப்பித்துவந்தேன்.

அண்மையில் அரசமைப்புச் சட்டத்தின் தமிழாக்கத்தை எடுத்து 81, 82 ஆகிய இரு பிரிவுகளை மட்டும் படித்தேன். (அந்த நடையைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.) மாநிலங்களின் மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் இயன்றவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது 81ஆம் பிரிவு, ஆனால் 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அந்தப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைக்க, 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1962இல் 41ஆக இருந்த நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 39ஆகக் குறைந்த செய்தியும் தேடியபோதுதான் தெரிந்தது.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே இழப்பைச் சந்திக்கக் கூடாது என்ற என் நிலைப்பாடு மாறவில்லை. ஆயினும், மக்கள்தொகை வேகமாகப் பெருகிய பீகாரின் வாக்காளருடைய வாக்குக்கும் என் வாக்குக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்ற எதிர்வாதத்தை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்க இப்போது மனம் வரவில்லை.

தலைவர்களின் அறிக்கைகளை வெளியிடும் நாள்களில், அவற்றின் பக்கத்திலேயே தொடர்புடைய சட்டப் பிரிவையும் எளிய தமிழில் முழுமையாக அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், விருத்தாசலம்