பாலாற்றுத் தண்ணீரிலேயே சோதியுங்கள்

பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது எங்கள் பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்து டேனரிகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான். அதே ஆற்றுக்காக 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கும் உத்தரவும் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், இழப்பீடு பற்றியோ அபராதம் பற்றியோ நான் இங்கே எழுதவில்லை. தோல் பதனிடப் பயன்படும் வேதிப்பொருள்கள் நீர்வாழ் உயிர்களுக்கு எவ்வளவு நச்சானவை என்பதை எந்தத் தண்ணீரில், எந்த வெப்பத்தில், எந்த உயிரை வைத்து அளக்கிறோம் என்ற ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளில் மூன்று எண்களைக் காணலாம். 96 மணி நேரத்தில் மீன்களில் பாதியைக் கொல்லும் செறிவு, 48 மணி நேரத்தில் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளில் பாதியை அசைவற்றுப்போகச் செய்யும் செறிவு, 72 மணி நேரத்தில் பாசியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு ஆகியவையே அவை. இவற்றுள் எதுவேனும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அப்பொருள் உடனடி நச்சுத்தன்மையில் மிகக் கடுமையானதான முதல் வகையைச் சேரும். வெட்புளூ எனப்படும், குரோமியத்தால் பதனிட்ட ஈரத் தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் டி.சி.எம்.டி.பி. என்ற பூஞ்சணக்கொல்லி அந்த வகையைச் சேர்ந்தது. இந்த எண்களைத் தரும் சோதனைகள் நேர்மையாகவே செய்யப்படுகின்றன, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டாஃப்னியா குளிர்நாட்டு உயிர், அதைச் சோதிப்பது ஏறத்தாழ 20 டிகிரி வெப்பத்தில், தூய்மையான தண்ணீரில். எங்கள் ஏரிகளில் சித்திரை மாதத்துத் தண்ணீர் அப்படி இருப்பதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்க அம்மோனிய உப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் மின்னேற்றம் இல்லாத வடிவமே மீனின் செவுளைக் கடந்து உள்ளே சென்று கொல்கிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8 உள்ள தண்ணீர் 20 டிகிரியில் இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே அந்த வடிவில் இருக்கும். அதே தண்ணீர் 35 டிகிரிக்குச் சூடாகும்போது அது 10 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கூடவே, தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மில்லிகிராமிலிருந்து 7 ஆகக் குறைகிறது. மூச்சுக்கு அதிகம் தவிக்கும் மீனுக்கு நஞ்சும் இரண்டரை மடங்கு கூடுகிறது. எல்லாப் பொருளும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: தண்ணீரின் கடினத்தன்மை கூடும்போது பல உலோகங்களின் நச்சு குறைகிறது, எங்கள் தண்ணீர் கடினமானது. எந்தப் பக்கம் சாயும் என்பதை மேசையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது என்பதால்தான் இங்கேயே சோதிக்கச் சொல்கிறேன்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையை வாசிக்க நேர்ந்தது. கழிவுநீர் ஆற்றில் சேர்ந்ததும் பத்து மடங்கு நீர்த்துவிடும் என்று வைத்துக்கொண்டு, தீங்கு இல்லை என்று அதில் முடிவு செய்திருந்தார்கள். பத்து மடங்கு என்பது ஐரோப்பிய வழிகாட்டி நூல்களின் வழக்கமான அனுமானம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகளுக்கு அது பொருந்தலாம். பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியதை நாங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம், ஏனென்றால் அது அவ்வளவு அரிதான காட்சி. மற்ற நாள்களில் இந்த ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது. சிறு வயதில் நானும் என் அண்ணனும் துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்த ஊற்றுக்காலில் வந்தது அந்த அடிமணல் தண்ணீர்தான். மணலுக்குள் இறங்கும் கழிவை நீர்த்துப்போகச் செய்ய அங்கே பத்து மடங்கு வெள்ளம் காத்திருக்கவில்லை. ஆகவே பாலாற்றுக்கான எந்த மதிப்பீட்டிலும் நீர்த்தலுக்கு ஒரு மடங்குகூடச் சலுகை தரக் கூடாது என்று நீங்கள் விதிக்க வேண்டும்.

கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத முறைக்கு மாறிவிட்டோம், இனி எதற்குச் சோதனை என்று உங்களிடம் சொல்லப்படும். அந்த முறையில் மிஞ்சும் உப்புக் குவியலிலும் கசடுக் கிடங்கிலும் மழை பெய்கிறதே, அந்த நீர் எங்கே போகிறது? இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையின் குரோமியக் கழிவு பல ஆண்டுகளாகக் குவியலாகவே கிடந்ததை மாவட்டமே அறியும். ஏற்கெனவே நிலத்தடியில் சேர்ந்திருப்பது குழாயை அடைத்ததும் மறைந்துவிடாது.

இப்போதுள்ள பொதுத் தரவிதி, வேறு நீர் கலந்து நீர்க்கச் செய்யாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் மீன்களில் 90 விழுக்காடு உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான், ஆனால் நான்கு நாள் சாகாமலிருந்த மீன் அதன்பின் முட்டையிட்டதா, அது தின்னும் நீர்த்தெள்ளு பெருகியதா என்பதை அந்த விதி கேட்பதில்லை. கொழுப்பு நீக்கப் பயன்பட்ட நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகள் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால், மூலப்பொருளைவிட நச்சு மிகுந்தது, மீனின் இனப்பெருக்க இயக்குநீர்களை (ஹார்மோன்களை) குழப்பக்கூடியது. இதை நான்கு நாள் சோதனை காட்டாது. 21 நாள் நீர்த்தெள்ளு இனப்பெருக்கச் சோதனை போன்ற நீண்டகாலச் சோதனைகளே காட்டும். எனவே ஒவ்வொரு பொருளுக்கும், அது சிதைந்து தரும் பொருளுக்கும் நீண்டகாலத் தரவு கேளுங்கள். அது இல்லாதபோது, மூன்று குறுகியகால எண்களில் மிகக் குறைந்ததை ஆயிரத்தால் வகுத்து வருவதைப் பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளும் உலக வழக்கத்தைத் தயங்காமல் பின்பற்றுங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நீர்த்தெள்ளுச் சோதனையில் ஒரு செறிவுக்கு இருபது உயிர்கள் போதும். இம்மாவட்டங்களின் கல்லூரி விலங்கியல் துறைகளில் கண்ணாடிக் குடுவையும் நுண்ணோக்கியும் மாணவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குட்டைகளிலேயே கிடைக்கும் மொய்னா என்ற நீர்த்தெள்ளையும் ரோகு குஞ்சையும் வளர்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், வாலாஜா என்று ஆற்றோரமாகக் கிணற்று நீரையும் ஊற்றுக்கால் நீரையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் அந்தந்த ஊராட்சி, நகராட்சிப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். டேனரி வேலையில் பிழைக்கும் குடும்பங்கள் என் தெருவிலும் உண்டு. அவர்களும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் இறைக்கிறார்கள், அந்தப் பலகையை முதலில் படிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

முதல் மாதிரியை எடுக்கும் நாளைத் தெரிவித்தால், நாங்கள் கெண்டை பிடித்த அந்த ஊற்றுக்கால் எங்கே இருந்தது என்று காட்ட நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
வாலாஜாபேட்டை.