இன்சுலினோடு மலையேறப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீலகிரியில் முக்கூர்த்திப் பக்கம் வரையாடு ஆய்வுக்கு வேலை கிடைத்திருக்கிறது, தினமும் இன்சுலின் போட்டே தீர வேண்டிய டைப் 1 சர்க்கரையை வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் ஊரில் பழகிய கணக்கு அங்கே அப்படியே செல்லாது.

இன்சுலின் என்றாலே எல்லோரும் வெயிலைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். மண்பானை, கூலிங் பவுச் எல்லாம் சமவெளிக்குச் சரி. டிசம்பர், ஜனவரியில் அவலாஞ்சி, அப்பர் பவானிப் புல்வெளிகளில் உறைபனி விழும். அங்கே இன்சுலினைக் கெடுப்பது குளிர்தான். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு அதை நம்பக் கூடாது. பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம், அதுதான் வம்பு. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியவரும். நடக்கும்போது இன்சுலின் போடும் பேனாவைச் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் வை, தோலை ஒட்டி வேண்டாம். ராத்திரி கம்பளி சாக்ஸில் சுற்றி, படுக்கைப் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள். கணப்புக்குப் பக்கத்திலோ ஜீப் டாஷ்போர்டிலோ வைக்காதே. கையிலிருக்கும் பேனா 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாய்தான் கார்ட்ரிட்ஜ்; திறந்தபின் பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை. திறந்த தேதியை அதன்மேலேயே எழுது.

எவ்வளவு கொண்டுபோவது? ஒரு கார்ட்ரிட்ஜ் 3 மில்லி, 300 யூனிட். நீண்ட நேர இன்சுலின் தினம் 18, சாப்பாட்டுக்கு மூன்று வேளையும் சேர்த்து 22 என்று வைத்துக்கொள். ஒவ்வொரு ஊசிக்கும் முன் சோதித்துத் தள்ளும் 2 யூனிட்டையும் கூட்டினால் நீண்ட நேரத்துக்கு 20, சாப்பாட்டுக்கு 28. முப்பது நாளுக்கு 600, 840. அதாவது 2 கார்ட்ரிட்ஜ், 3 கார்ட்ரிட்ஜ். இதை அப்படியே இரட்டிப்பாக்கு. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையில் பாதை அடைபட்டால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பாதியை உன் பையிலும் பாதியை உடன் வருபவர் பையிலும் வை. ஓடையில் ஒரு பை போனாலும் மறுபாதி இருக்கும்.

பேனா உடைந்தால் சிரிஞ்ச் வேண்டும். ஆரஞ்சு மூடி போட்ட, மில்லிக்கு 100 யூனிட் கணக்குள்ள சிரிஞ்ச் மட்டும் வாங்கு. சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பிக்கானது. கார்ட்ரிட்ஜிலிருந்து அதில் 10 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 25 யூனிட். மருந்துக்கடையில் எது கேட்டாலும் சிவப்பையே எடுத்து நீட்டுவார்கள், பார்த்து வாங்கு.

லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்குவது, அங்கே வேஷம் போட்டுக்கொண்டு வரும். நடுக்கம் என்றால் குளிர், வியர்வை என்றால் ஏற்றம், எரிச்சல் என்றால் அசதி என்று நீயே சமாதானம் சொல்லிக்கொள்வாய். சந்தேகம் வந்த இடத்திலேயே உட்கார்ந்து சர்க்கரையைச் சோதித்துப் பார். சர்க்கரை பார்க்கும் மீட்டர்கள் பல 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும். அதையும் உள்சட்டைப் பையில் வை. விரலை அக்குளில் சூடாக்கு, துடைத்துவிட்டுக் குத்து. விரலில் வெல்லப் பிசுக்கு ஒட்டியிருந்தால் 60 கூட 200 என்று காட்டும். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 15 கிராம் என்றால் தலைதட்டிய டீஸ்பூனில் ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு. முன்பே நிறுத்துச் சின்னச் சின்ன பொட்டலங்களாகக் கட்டி, எல்லாப் பைகளிலும் போடு. சாக்லேட், கடலை மிட்டாய் கொழுப்பால் மெதுவாக ஏறும்; அவை மீண்ட பிறகு தின்ன.

நீண்ட நடைக்கு முந்தைய வேளையின் ஊசியைக் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைப்பது வழக்கம். உனக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். நடந்த நாளின் ராத்திரியில்தான் சர்க்கரை இறங்கும் ஆபத்து. இரண்டரை மணிக்கு அலாரம் வைத்துப் பார்.

வாந்தி வந்தால் சாப்பிடவில்லையே என்று நீண்ட நேர இன்சுலினை நிறுத்திவிடாதே. பலர் தவறுவது இங்கேதான். சர்க்கரை 250-ஐத் தாண்டியிருந்தால் சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப் போடு; இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்தான் கீட்டோன். ஸ்ட்ரிப்பில் இரண்டு பிளஸ்ஸும் வாந்தியும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே, அப்போதே வயர்லெஸ்ஸில் சொல்லி வண்டி கேள். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. மழைக்காலமென்றால் ஒரு பிளஸ்ஸிலேயே கிளம்பு; வழியில் மரம் விழுந்து கிடக்கலாம்.

முகாமில் கூட இருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிவை: நீ மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து உதவி கேட்க வேண்டும். இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி கிடைத்தால் வாங்கி, எப்படிப் போடுவது என்று அவர்களுக்குக் காட்டு.

அட்டைக்கடி சும்மா இருந்தால் ஆறிவிடும், சொறிந்தால்தான் புண். தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பார்த்துவிட்டுப் படு.

போட்ட ஊசிகளைக் குப்பைக்குழியில் போடாதே, காட்டுப்பன்றி கிளறும். அடுப்பிலும் போடாதே, பிளாஸ்டிக் எரிந்தாலும் கம்பி சாம்பலில் கிடக்கும், அள்ளுபவர் கையில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, கீழே இறங்கும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடு.