ஆலை அறிக்கையைக் குடியிருப்பவர்களுக்கும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளில், கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. செம்பனை எண்ணெய் ஆலையிடம் புகை, சத்தம் என எல்லா அளவும் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது என்று சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்த அறிக்கை இருக்கிறதாம், அப்புறம் எப்படி கொடியில் காயப்போட்ட பள்ளிச் சட்டையில் கரி விழுகிறது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அறிக்கையே பொய் என்று சிலர் கோபமாகப் பேசுகிறார்கள். நானும் அந்த வேலையில் இருப்பவன் என்பதால் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. வேறு மாவட்டங்களில் உள்ள ஆலைகளில் புகைபோக்கியில் ஏறி மாதிரி எடுப்பது, இரவில் வேலியோரம் கருவியை நிறுத்திச் சத்தம் அளப்பது, இதுதான் என் பிழைப்பு. எங்கள் ஊர் ஆலையை நான் அளந்ததில்லை.

முதலில் சட்டம். மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2014இல் சுத்தக் காற்று விதிமுறைகள் வந்தன. செம்பனை ஆலை பாய்லரில் இருந்து வெளியேறும் புகையில் ஒரு கன மீட்டருக்கு 400 மில்லிகிராம் தூசு வரை போகலாம் என்று முன்பு இருந்தது. புதிய விதியில் அது 150 ஆகக் குறைந்தது, பழைய ஆலைகளுக்கு 2019 ஜூன் வரை அவகாசம் கொடுத்தார்கள். இது சின்ன மாற்றம் இல்லை. புகையைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் சைக்ளோனை மட்டும் நம்பிக்கொண்டிருந்த ஆலைகள் பல, நல்ல விலை கொடுத்து வேறு வடிகட்டிகளை வாங்கிப் போட வேண்டியதாயிற்று. அதற்கான பலன் பல ஊர்களில் கண்ணுக்குத் தெரிகிறது, அதை மறுப்பது நியாயம் இல்லை.

அந்த 150ஐ எப்படி அளக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். புகைபோக்கியின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், ஏணி வழியாக ஏறி அதற்குள் நீளமான குழாயை விடுவோம். புகை எந்த வேகத்தில் மேலே போகிறதோ அதே வேகத்தில் குழாய் அதை உறிஞ்ச வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் சாம்பல் கணக்கு தப்பாகிவிடும். உள்ளே ஒரு வடிதாள். காலையில் வெள்ளை வெளேரென்று வைத்தது கழற்றும்போது சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ வரும். அதை ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி எடைபோட்டு, முன்பிருந்த எடையைக் கழித்தால் தூசின் அளவு கிடைக்கும். இந்த வேலையில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒழுங்காகச் செய்தால் நம்பத்தக்க எண்தான் வரும்.

ஆனால் அந்த எண் எந்த நேரத்துக்குரியது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் வரும் நாள் முன்கூட்டியே பேசி வைத்தது, அப்படித்தான் செய்ய முடியும், மேலே ஏறுவதற்கு அனுமதி வேண்டும், பாய்லரும் ஒரே சீராக ஓட வேண்டும். அன்றைக்கு எரிபொருளாகக் காய்ந்த பழநாரும் கொட்டை ஓடும் அளவாக அடுப்புக்குள் போகும். குழாய்களில் படிந்த கரியை நீராவி அடித்து ஊதித் தள்ளும் வேலையை நாங்கள் இறங்கும் வரை தள்ளிப்போடுவார்கள். ஓய்வு நாள் முடிந்து ஆறிப்போன பாய்லரைத் திரும்பப் பற்றவைக்கும் நேரம், மழையில் நனைந்த நாரைப் போடும் நேரம், நடுராத்திரியில் கரியை ஊதும் நேரம், இதெல்லாம் எங்கள் வடிதாளில் ஏறாது. உங்கள் வாசல் ஓட்டில் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிசுக்கென்று கறுப்பாக ஒட்டினால் அது சரியாக எரியாத கரி, தொட்டதும் பொடிந்து போகிற பழுப்புச் செதில் என்றால் எரிந்த நார். சில மணி நேரத்து அளவைக் காட்டி மற்ற மணி நேரங்களுக்கும் பதில் சொன்னதாக நினைப்பதுதான் தவறு.

மற்ற மணி நேரங்களுக்குக் கணக்கே இல்லையா என்றால் இருக்கிறது. பல ஆலைகளில் புகையின் கருமையை இருபத்து நான்கு மணி நேரமும் பார்க்கும் கருவி பொருத்தியிருக்கிறார்கள், அதன் பதிவு நேரே சுற்றுச்சூழல் துறைக்குப் போகிறது. ஆலைக்குத் தெரியும், துறைக்குத் தெரியும், அந்தப் புகையைச் சுவாசிக்கிற நமக்கு மட்டும் தெரியாது. பெரிய திட்டங்கள் சிலவற்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆலை ஓட ஆரம்பித்த பிறகு எடுக்கும் அளவுகளை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

சத்தத்திலும் இதே கதைதான். பழக்குலையை வேகவைக்கும் கலனில் இருந்து நீராவியைத் திறந்துவிடும்போது கைக்குழந்தை திடுக்கிட்டு எழும், ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரவு 10 மணியில் இருந்து காலை 7 மணி வரை சராசரி பார்த்து அறிக்கை எழுதுவது வழக்கம். வீட்டு வாசலில் 45 டெசிபல் இருக்கிற அமைதியான இரவில், ஒரே ஒரு நிமிடம் 80 டெசிபலுக்கு நீராவி அலறினால், ஒன்பது மணி நேரச் சராசரி ஏறக்குறைய 53தான் வரும். காகிதத்தில் சாதுவான எண், ஆனால் வீட்டில் அத்தனை பேரும் விழித்தாயிற்று. அதனால் சராசரியோடு உச்ச அளவையும், அது எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். கருவியில் அது தானாகவே பதிவாகிறது, அறிக்கையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். நீராவி போகும் குழாயில் சத்தம் அடக்கும் கருவி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது ஆலைக்காரர்களுக்கும் தெரியும்.

கழிவுநீர்க் குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருந்து குமிழியிடும் மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளும் உற்பத்தியைக் கூட்ட விரும்பும் ஆலைகளும் அந்த வாயுவைப் பிடிக்கும் வசதி செய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பழைய குளங்களோடு ஓடும் ஆலைகள் அதில் சிக்காமல் இருந்துவிட முடிகிறது. தோட்டத்துப் பட்டணங்களில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பழைய ஆலைகள்தான்.

ஆலோசகர்களைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. நல்ல ஆலோசகர் ஆலைக்குள் போனால் நாரைக் கூரை போட்டு வையுங்கள், அடுப்புக்குள் போகும் காற்றைச் சரிசெய்யுங்கள், வடிகட்டியைப் பார்க்க தேர்ச்சி பெற்ற ஆளை வையுங்கள் என்று சொல்லி, புகையைப் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். அப்படிப்பட்டவர்களிடம் வேலை கற்றவன் நான். ஆனால் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சில குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை போகலாம் என்றாகிவிட்டது. அந்தப் பயத்தில் ஆலோசகரைக் கூப்பிடுகிறவர்களில் சிலர், புகையைக் குறைக்க வழி கேட்பதை விட்டுவிட்டுக் கோப்பில் வைக்க ஒரு காகிதம் கேட்கிறார்கள். பணம் கொடுப்பது ஆலை, நாளைக் குறிப்பது ஆலை, அறிக்கை போவதும் ஆலைக்கு. இந்த ஏற்பாட்டில் குடியிருப்பவர்களுக்கு இடமே இல்லை.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு முறை அளவெடுத்த பிறகும் ஒரு பக்கச் சுருக்கத்தை மலாயிலும் தமிழிலும் எழுதி ஆலை வாசலிலும், தமிழ்ப்பள்ளி, கோயில் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்ட வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, பாய்லர் எவ்வளவு சுமையில் ஓடியது, எந்த எரிபொருள், இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புகைக் கருமைப் பதிவில் வரம்பு மீறிய நேரங்களையும் மாதம் ஒரு முறை சேர்க்க வேண்டும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுக்காகக் காற்றை அளக்க நாடு முழுவதற்கும் இருக்கும் நிலையங்கள் 70கூட இல்லை, நம் தாமான் பக்கம் ஒன்று வரும் என்று காத்திருக்க முடியாது. அதனால் குடியிருப்புப் பக்கத்து வேலியிலும் தூசை அளக்கச் சொல்லி உரிமத்தின் நிபந்தனையிலேயே துறை எழுத வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டு வாங்கித் தர முடியும், செலவும் பெரிதாக ஆகாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புகை கறுப்பாக வரும்போது தேதி, மணி, எத்தனை நிமிடம் நீடித்தது, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லா எண் 1-800-88-2727. புகார் கொடுத்ததும் அதன் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் குறித்த நேரத்தைக் கருவிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரிகளால் முடியும், "அடிக்கடி புகை வருகிறது" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்,
கீழ்ப்பேரா.