சக மதிப்பாய்வுக் கோப்புகள்: நாட்டார் கலைத்துறை ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். 1994-இல் நிறுவப்பட்டு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நாக் (NAAC) எனும் உயர்கல்வித் தர மதிப்பீட்டு அமைப்பு குறிப்பிட்ட அளவுகோல்களைக் கொண்டு கல்லூரிகளை மதிப்பிடுகிறது என்றாலும், வில்லுப்பாட்டும் தென்தமிழகக் கோயில் விழாக்களில் நிகழும் கணியான் கூத்தும் பயிற்றுவிக்கும் நம் துறையில் எண்களைவிட அரங்கில் நிகழ்வதே சான்று என்பதால், கல்லூரியின் அகத் தர உறுதிப் பிரிவுக்கு அளிக்கும் கோப்பில் மாணவர் நிகழ்ச்சிகளின் முழு ஒளிப்பதிவையும், மதிப்பெண் எந்த அடிப்படையில் வழங்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டுகிறேன். ‘நன்று’ என்று ஒரு சொல்லில் முடிப்பது மதிப்பாய்வு ஆகாது. கணியான் கூத்தின் தோற்கருவியான மகுடத்தின் தாளம் எங்கே தளர்ந்தது, கதைப்பாட்டு எங்கே பிசகியது என்று எழுதுங்கள். தம் மாணவரைத் தாமே மதிப்பிடலாகாது. மகுடம் வாசிக்கும் மூத்த அண்ணாவி (கூத்து ஆசான்) ஒருவரையும் புற மதிப்பீட்டாளராக அழைக்க எண்ணியுள்ளோம். அவரிடம் பட்டமில்லை என்ற மறுப்பு எழலாம், ஆனால் அக்கலையில் அவருக்கு நிகரானவர் நம்முள் யார்? கோப்புகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் பாளையங்கோட்டைத் துறை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.